நரைத்த வண்டிக்கு மை: கொடைக்கானல் மூஞ்சிக்கல் தகரக் கொட்டகையில் ஒரு நாள்

என் வண்டிக்கு எனக்கு முன்னாலேயே நரைத்துவிட்டது. வெள்ளை ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட், 2014 மாடல். மதுரையில் ஒரு டாக்டர் வீட்டிலிருந்து ஆறு வருஷத்துக்கு முன்னால் வாங்கினேன். அந்த வண்டியைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: பம்பரின் கீழ்ப்பாதி, சக்கர வளைவு, கதவின் அடிப்பட்டை என்று இடுப்புக்குக் கீழே சுற்றிலும் கருப்பு பிளாஸ்டிக். வாங்கும்போது கருப்பாகத்தான் இருந்தது. கொடைக்கானலுக்கு வந்த மூன்றாம் வருஷம் சாம்பல். நான்காம் வருஷம், விபூதி பூசிய மாதிரி.

எங்கள் பள்ளியில் பி.டி. சார்தான் முதலில் சொன்னார். "டீச்சர், உங்க தலைக்குத்தான் டை வேணாம்னுட்டீங்க. வண்டிக்காவது அடிங்க."

நான் தலைக்கு அடிப்பதில்லை, உண்மைதான். ஆனால் வண்டியை ஒருநாள் விற்க வேண்டியிருக்கும். ஃபோர்டு இந்தியாவில் வண்டி செய்வதையே நிறுத்தப்போவதாக 2021-இல் அறிவித்து, 2022-இல் நிறுத்திக்கொண்டது. நம்ம மறைமலை நகரில் செய்த வண்டி இது. இனிமேல் அந்தப் பட்டைகளைப் புதிதாக வாங்கிச் சுற்றிலும் மாற்றுவது எனக்குக் கட்டுப்படியாகாது. இருக்கிறதைக் காப்பாற்றத்தான் வழி பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயம். குளிர் ஊர்தானே, வெயில் என்ன செய்யும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வெயில் சுடாது, ஆனால் கடிக்கும். 1,000 மீட்டர் உயரம் ஏற ஏற புற ஊதாக் கதிர் சுமார் 10 விழுக்காடு கூடுகிறது. நாம் 2,000 மீட்டருக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறோம். சூரியனைப் பார்ப்பதற்கென்றே 1899-இல் இங்கே ஆய்வகம் தொடங்கி, இன்றும் 2,343 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் வீட்டு வாசலில் வண்டி எப்போதும் கிழக்கே மூக்கை வைத்து நிற்கும். அதனால் வலப்பக்கம் தெற்கு பார்க்கும். நம் ஊர் அட்சரேகையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரைதான் சூரியன் வடக்கே போகும், மீதி மாதமெல்லாம் தெற்குச் சாய்வுதான். வலப்பக்கப் பட்டை இடப்பக்கத்தைவிட இரண்டு மடங்கு வெளுத்திருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வெளியே கூட்டிவந்து காட்டியிருக்கிறேன். வேறு எந்தப் பாடத்தையும் அவ்வளவு ஆர்வமாகக் கேட்டதில்லை.

கடைக்குப் போவதற்கு முன்னால் நான் செய்த கூத்துகளையும் சொல்லிவிடுகிறேன். யாராவது திரும்பச் செய்யாமல் இருக்கட்டும்.

முதலில் தேங்காய் எண்ணெய். யாரோ சொன்னார்கள், தடவினேன், மத்தியான வெயிலில் கருகருவென்று மின்னியது. மறுநாள் காலை போய்ப் பார்த்தால் பட்டை முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு. 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைகிற எண்ணெய் அது. எங்கள் வீட்டுக் குளியலறையில் வருஷம் முழுக்க அது கல்லாகத்தான் இருக்கிறது, ஸ்பூனால் தோண்டித்தான் எடுக்கிறேன். அதைப் போய் வண்டியில் தடவும்போது எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. அந்தச் சொரசொரப்புக்குள் உறைந்த எண்ணெய் ஊர்த் தூசியையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டது.

இரண்டாவது, கருப்பு ஷூ பாலிஷ். நன்றாகவே இருந்தது, பள்ளி ஆண்டு விழாவுக்குக் கட்டிக்கொண்டு போன மாம்பழ நிறச் சுங்குடிச் சேலை அந்தப் பட்டையில் உரசும்வரை.

மூன்றாவது, டேஷ்போர்டுக்கும் டயருக்கும் சேர்த்து விற்கிற பால் மாதிரியான திரவம். பெயர் வேண்டாம், அதன்மேல் குற்றமும் இல்லை. அது சிலிகான் எண்ணெய் கலந்த பூச்சு. வெடிப்புகளை நிரப்பி, பார்வைக்குக் கருப்பாகக் காட்டும், அவ்வளவுதான் அதன் வேலை. ஒரு வாரம் அழகு. அப்புறம் ஒரு மழை. கதவின் வெள்ளையில் அழுக்கு ஒழுகிய கோடுகள், பட்டை மறுபடி சாம்பல். மழையே பெய்யாத ஊரில் இருப்பவர்களுக்கு மாதம் ஒருமுறை தடவிக்கொள்ள அது போதும். ஐப்பசியில் இங்கே அது வேலைக்காகாது.

பக்கத்து வீட்டு அண்ணன் டீசல் தடவச் சொன்னார். ஜன்னல் ரப்பர் ஊதிப்போகும் என்று தெரிந்ததால் அதை மட்டும் செய்யவில்லை.

இவ்வளவுக்கும் பிறகுதான் மூஞ்சிக்கல் பக்கம் ஒரு தம்பி இருக்கிறான் என்று டாக்ஸி ஓட்டும் பெற்றோர் ஒருவர் சொன்னார். பெயர்ப் பலகை கிடையாது. சரிவில் இறங்கும் சந்தில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு பிரஷர் வாஷர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் ஒன்றுக்குக் கால் கட்டுப்போட்டிருந்தது. வத்தலக்குண்டுப் பையன், இருபத்தைந்து வயது இருக்கும். பிப்ரவரி மாதம், சனிக்கிழமை, காலை ஒன்பதரைக்கு வரச் சொன்னான். நான் ஒன்பதரைக்குப் போனேன், அவன் பத்தே காலுக்கு வந்தான். மார்க் கழிப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

வந்ததும் விலை பேசவில்லை. ஒரு மக் தண்ணீரை எடுத்து வலப்பக்கப் பட்டையில் ஊற்றினான். நனைந்த இடம் கருத்தது.

"நனைஞ்சா கருக்குதுல்ல டீச்சர்? அப்ப உசுரு இருக்கு. நனைஞ்சும் சாம்பலாவே நின்னுச்சுன்னா பெயின்ட்தேன், நம்மளால ஆகாது."

எனக்கு அந்த நொடியில் கரும்பலகை ஞாபகம் வந்தது. ஈரத்துணியால் துடைத்ததும் பலகை கன்னங்கரேலென்று இருக்கும், காய்ந்ததும் பழைய சாம்பல். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். இந்தப் பட்டையெல்லாம் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன். உள்ளே கரித்தூள் கலந்துதான் வார்க்கிறார்கள். புற ஊதா பட்டுப் பட்டு மேல்தோலில் அந்தச் சங்கிலி மூலக்கூறுகள் அறுந்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுகின்றன. வெடிப்பில் வெளிச்சம் சிதறுகிறது, நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீரோ எண்ணெயோ வெடிப்பை நிரப்பினால் சிதறல் குறைந்து கருப்பாகத் தெரியும். போனதும் பழையபடி. உள்ளே இருக்கும் கருப்பு எங்கும் போகவில்லை. தோல் மட்டும்தான் கெட்டிருக்கிறது.

அப்புறம்தான் விலை சொன்னான். வண்டி முழுக்க 1,800 ரூபாய். மதுரையில் ஒரு பெரிய கடையில் செராமிக் பூச்சு என்று 4,500 கேட்டிருந்தார்கள். அதைச் சொல்லிப் பார்த்தேன். "அது நல்லாத்தேன் இருக்கும். ஆனா நரைச்சதுக்கு மேல செராமிக் போட்டா நரையையே பூட்டி வச்ச மாதிரி ஆயிரும். மொதல்ல கருக்கணும்" என்றான். அவனிடம் செராமிக் இல்லை என்பதால் சொல்கிறானோ என்று அப்போது தோன்றியது. பிறகு படித்துப் பார்த்ததில் பாதி சரி. சில பூச்சுகள் ஓரளவு நிறத்தையும் மீட்கும், ஆனால் நன்றாக வெளுத்ததில் திட்டுத் திட்டாகத் தெரிய வாய்ப்பு அதிகம்.

சுத்தம் செய்ததைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், ஏனென்றால் நான் கொடுத்த காசில் முக்கால்வாசி அதற்குத்தான்.

முதலில் சாதாரண வாட்டர் வாஷ், ஷாம்பு. அது ஒன்றும் இல்லை. பிறகு வெள்ளைப் பெயின்ட் பட்டையைத் தொடுகிற விளிம்பு முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டினான். அதற்கே அரைமணி நேரம். அப்புறம் ஏதோ கிளீனரை ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து அடித்து, காயவிடாமல், மெத்தென்ற பிரஷ்ஷால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தான். வழிந்தது முதலில் பழுப்பு, அப்புறம் கருப்பு. "என்ன டீச்சர் போட்டிருந்தீங்க?" என்று நிமிர்ந்து கேட்டான். தேங்காய் எண்ணெயில் ஆரம்பித்து வரிசையாகச் சொன்னேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டான், அதற்குத் தனியாக ஐந்து மார்க்.

ஒரு சுற்று முடிந்ததும் தண்ணீர் ஊற்றினான். முத்து முத்தாகத் திரண்டு உருண்டது. எனக்கு அழகாகத் தெரிந்தது. அவன் உதட்டைப் பிதுக்கினான். முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தமாம். இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று. மூன்றாவதில்தான் தண்ணீர் படர்ந்து, ஒரே தகடாக வழிந்தது. இந்தச் சோதனை ஒன்றுக்காகவே அவனுக்குக் காசு கொடுக்கலாம். நான் மூன்று வருஷமாக அழுக்கின்மேல் எண்ணெய், எண்ணெயின்மேல் பாலிஷ், பாலிஷின்மேல் சிலிகான் என்று அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பம்பர் ஓரத்தில் யாரோ எப்போதோ பெயின்ட் பாலிஷ் போடும்போது வழித்துவிட்டுப் போன வெள்ளைக் கறை இருந்தது. சுண்ணாம்பு மாதிரி சொரசொரப்புக்குள் இறங்கி, பிரஷ்ஷுக்கு மசியவில்லை. என் கைப்பையில் எப்போதும் இரண்டு ரப்பர் இருக்கும். சும்மா ஒன்றை எடுத்துத் தேய்த்தேன். வந்துவிட்டது! பென்சில் அழிக்கிற அதே ஐந்து ரூபாய் ரப்பர்தான். "இதை எனக்குத் தந்துட்டுப் போங்க" என்று வாங்கி வைத்துக்கொண்டான். அதற்கு அவன் காசு குறைக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஜன்னல் ரப்பரின் மடிப்பில் பச்சையாகப் பாசி. வைப்பருக்குக் கீழே இருக்கும் தட்டில் பைன் ஊசிகள் மக்கி, ஒரு சின்னத் தோட்டமே போடலாம். இது சமவெளிக் கடைக்காரர்கள் பார்க்காத சங்கதி. இவன் பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துப் பாசியைச் சுரண்டி, தட்டின் ஓட்டைகளையும் கம்பி விட்டுத் திறந்தான். அவை அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் வழி தெரியாமல் வண்டிக்குள் இறங்கும்.

இதெல்லாம் முடிய மணி பன்னிரண்டரை. கருக்க வைக்கிற மருந்து இன்னும் வெளியே வரவில்லை. மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். ஈரக்காற்றில் போட்டால் பிடிக்காது, வெயில் வரட்டும் என்றான். புளோயரால் இடுக்குகளை ஊதினான், பட்டையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தான், டீ வாங்கி வந்தான். ஒன்றேகாலுக்கு வெயில் வந்தது. அவசரப்பட்டிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன், எனக்குத் தெரிந்திருக்காது. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

மருந்துப் புட்டி கட்டைவிரல் நீளம்தான். லேபிளைக் கிழித்து வைத்திருந்தான். தொழில் ரகசியமாம். அதனால் பெயர் கேட்டுப் பின்னூட்டம் போடாதீர்கள், எனக்கே தெரியாது. ஆனால் எந்த ரகம் என்று கண்டுபிடித்துவிட்டேன்: சாயம் கலந்தது. கருப்பு மை மாதிரி, பெயின்ட் தின்னர் வாசனை. ஸ்பாஞ்சில் ஐந்தாறு சொட்டு விட்டு, ஒரு சாண் இடத்தில் அழுத்தித் தேய்த்து, உடனே இன்னொரு துணியால் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைக்க எடுக்கிற நேரம் பூசுவதைவிட அதிகம். வலப்பக்கத்துக்கு மட்டும் இரண்டு முறை. வண்டி முழுக்கப் போட்டும் புட்டியில் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. நீங்களே வாங்கிச் செய்வதாக இருந்தால் லேபிளில் சாயம் உண்டா, வெறும் சிலிகானா என்று மட்டும் பாருங்கள், கையுறை போடுங்கள். அவன் ஒரு விரலில் கையுறை கிழிந்து, ஒரு வாரம் அந்த நகம் கருப்பாக இருந்ததாம்.

நாங்கள் நிலக்கோட்டைப் பக்கம் படித்தபோது வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவோம். அதற்கு முன்னால் பலகையை நன்றாகக் கழுவிக் காயவைக்காவிட்டால் திங்கட்கிழமை சாக்பீஸ் எழுதாது, வாத்தியார் கம்பு எழுதும். இந்தப் பையன் செய்வது அதையேதான். கரி, அதைப் பிடித்து நிறுத்த ஒரு சாறு, முன்னால் ஒரு கழுவல். இதை அவனிடம் சொன்னேன். கோவை இலை என்றால் என்ன என்று கேட்டான். வத்தலக்குண்டுப் பையன்!

இனி குறைகள். முதல் குறைக்குப் பாதிப் பங்கு என்னுடையது. "ஹீட் கன்ல ஒரு ஓரத்துல காட்டவா டீச்சர், மேஜிக் மாதிரி இருக்கும்" என்றான். சூடான காற்றை ஊதுகிற துப்பாக்கி அது. சரி என்றேன். மேஜிக் மாதிரித்தான் இருந்தது. சூடு பட்ட இடம் கண்முன்னே கருத்தது, மேல்தோல் இலேசாக உருகி வெடிப்புகள் மூடிக்கொள்வதால். ஆனால் பாலிப்ரோப்பிலீன் 160 டிகிரி வாக்கில் உருகிவிடும், அந்தத் துப்பாக்கியோ அதைப்போல மூன்று மடங்கு சூட்டில் ஊதும். ஒரு நொடி அதிகம் நின்றுவிட்டான். பின் வலது ஓரத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சொரசொரப்பு போய், இஸ்திரி போட்ட மாதிரி வழவழப்பாகிவிட்டது. தெரிந்தவர் கண்ணுக்குத் தெரியும். எனக்கு தினமும் தெரிகிறது.

இரண்டாவது, இடது பின்கதவில், டேப்பைப் பிரித்த பிறகு, வெள்ளையில் ஒரு கட்டைவிரல் ரேகை. அழகான, முழுமையான ரேகை. காவல்துறைக்குக் கொடுக்கலாம். அன்றைக்கே பார்த்திருந்தால் துடைத்திருக்கலாம். நான் வீட்டுக்குப் போய்த்தான் பார்த்தேன், அதற்குள் காய்ந்துவிட்டது.

பில் கிடையாது. போன் பத்து தடவை அடித்தால் ஒரு தடவை எடுப்பான். ஏப்ரல், மே சீசனில் தண்ணீரும் இருக்காது, அவனும் டாக்ஸி ஓட்டப் போய்விடுவான், அந்த இரண்டு மாதம் கடையே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பலன்? திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் ஒருத்தர் "என்ன டீச்சர், பளபளன்னே இல்லையே" என்றார். அதுதான் எனக்குப் பிடித்தது. புதுப் பிளாஸ்டிக் பளபளக்காது. புது டயர் மாதிரி மங்கிய கருப்பாக இருக்கும். இது அப்படித்தான் இருந்தது. ஒருநாள் முழுக்க நனைக்கக்கூடாது என்றான், நனைக்கவில்லை. முதல் கழுவலில் துணியில் இலேசாகக் கருப்பு ஒட்டியது, அதற்கப்புறம் இல்லை. சேலை உரசியும் பார்த்துவிட்டேன், பழைய சேலை.

இப்போது டிசம்பர். பத்து மாதம். இடையில் ஒரு கோடை, ஒரு வடகிழக்குப் பருவமழை. முன் பம்பர், இடப்பக்கம் முழுதும் அன்று பார்த்தபடியே. வலப்பக்கம் ஒரு நூல் வெளுத்திருக்கிறது, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். வைப்பருக்குக் கீழே உள்ள தட்டு மட்டும் செப்டம்பரிலேயே சாம்பல் காட்ட ஆரம்பித்துவிட்டது. வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கிற ஒரே பட்டை அது. வெயில் நேராக விழும், எந்தச் சாயமும் அங்கே நிற்பது கஷ்டம்.

நூற்றுக்கு எழுபத்தெட்டு போடுகிறேன். கழித்த இருபத்திரண்டில் பத்து அந்தக் கட்டைவிரலுக்கு, ஏழு ஹீட் கன்னுக்கு, ஐந்து முக்கால் மணி நேரத் தாமதத்துக்கு. பில் இல்லாததற்குக் கழிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வாரம் சந்தைக்குப் போகும்போது வழியில் பார்த்தேன். மழை விட்டு நல்ல வெயில் வரட்டும், தை பிறந்ததும் அந்தத் தட்டை மட்டும் கொண்டுவாங்க, முந்நூறு ரூபாய் என்றான். ரேகை விஷயத்தைச் சொன்னேன். வண்டியைச் சுற்றிவந்து குனிந்து பார்த்து, தன் கட்டைவிரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "என்னுது இல்லக்கா" என்றான். டீச்சர் போய் அக்கா வந்ததிலேயே தெரிந்துவிட்டது, அவனுடையதுதான்.